நிலமும் பெண் எழுத்தும்: மாத்தளையிலிருந்து ஒரு நோக்கு

இலக்கியத்தை நிலத்தோடு இணைத்து நோக்குவது தமிழுக்குப் புதியதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பியம், பாட்டில் நிகழும் ஒழுக்கத்தை அந்நிலத்தின் வழியே விளங்கிக்கொள்ள வழிகாட்டியது. சங்கப் பெண்பாற் புலவர் பலரும் ஊர்ப்பெயரோடு சேர்ந்தே நமக்கு அறிமுகமாகின்றனர். ஒக்கூர் மாசாத்தியார், அள்ளூர் நன்முல்லையார், வெண்ணிக் குயத்தியார் என்னும் பெயர்களில் ஊர் முன்னே நிற்கிறது. ஆள் பின்னே வருகிறார். இம்மரபு ஈழத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை என்பதற்கு மண்டூர் அசோகா, கெக்கிறாவ ஸஹானா, மாத்தளை ரோகிணி ஆகிய பெயர்களே சான்று.

இப்பின்னணியில், உலகப் பெண் எழுத்தாளரைத் தேசப்படத்தின் வழியே அறிந்துகொள்ளும் முறை நம் சிந்தனைக்குரியது. நாட்டுக்கு ஒருவராகத் தெரிந்தெடுத்து, கண்டம் கண்டமாக வாசித்துச் செல்வது இம்முறை. ஆங்கில இலக்கியப் பாடத்திட்டம் காட்டிய ஓரிரு பெயர்களுக்கு அப்பால் ஆபிரிக்காவையும் மேற்கிந்தியத் தீவுகளையும் நோக்கி மாணவரை இட்டுச்செல்வதால் இதற்குப் பயன் உண்டு. ஆயினும் இதில் ஒரு பெருங்குறை இருக்கிறது. தேசப்படம் நாடுகளைத்தான் காட்டும். எழுதியவளின் நிலத்தைக் காட்டாது. நாட்டின் பெயருக்கு நேரே ஒரு பெண்ணின் பெயரை எழுதியதும் அந்நாடு முடிந்துவிட்டதாக வாசகர் எண்ணிவிடுகின்றனர். எழுதாதிருந்தவர்களைப் பற்றிய வினா எழுவதேயில்லை.

ஆகவே, “எந்த நாட்டவள்?” என்ற ஒரு வினாவுக்குப் பதிலாக மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். அவளுடைய சொல் எதன்மேல், யாரால் எழுதப்பட்டது? அவள் எவ்வழியே வந்தாள்? எங்கே இருப்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது? இவ்வினாக்களின் பயனைச் சோதிக்க மாத்தளை மாவட்டமே போதுமானது.

மாத்தளை நகருக்கு வடக்கே தம்புள்ளை வீதியோரம் அமைந்துள்ளது அலுவிகாரை. வாய்மொழியாகக் காக்கப்பட்டு வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. அத்திரிபிடகத்தில் அடங்குவது தேரீகாதை. பிக்குணிகள் பாடியனவாகக் கூறப்படும் 73 பாடல்களைக் கொண்ட இந்நூல், பெண்களின் பாடல்களுக்கென்றே அமைந்த உலகின் மிகப் பழைய தொகுப்புகளுள் ஒன்று. உலகப் பெண் எழுத்தின் படத்தை வரையப் புகுவோர் முதற்புள்ளியை எங்கே வைப்பது என்று தேடவேண்டியதில்லை. மரபை ஏற்றுக்கொண்டால் அப்புள்ளி மாத்தளைக் கற்குகைகளுக்கு அருகில் வந்து நிற்கும்.

இத்தொகுப்பிலே தமிழ் மாணவரின் கவனத்துக்கு உரியவள் பத்தா குண்டலகேசா. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் தலைவி இவளே. அக்காப்பியம் சில செய்யுள்கள் தவிர நமக்குக் கிடைக்கவில்லை. கள்வனை மணந்தவள், தன்னைக் கொல்லத் துணிந்த அவனை மலையுச்சியிலிருந்து தள்ளியவள் என்ற கதையே நம் நினைவில் நிற்பது. தேரீகாதையில் அவள் பெயரில் உள்ள பாடலிலோ கணவனும் இல்லை, கொலையும் இல்லை. தான் ஐம்பது ஆண்டுகள் பிச்சையேற்றுத் திரிந்த அங்கம், மகதம், வஜ்ஜி, காசி, கோசலம் ஆகிய நாடுகளையே அவள் எண்ணிச் சொல்கிறாள். பிறர் சொன்ன கதை அவளைக் கணவனைக் கொண்டு அடையாளங் காட்டியது. அவளோ தன்னைத் தான் நடந்த நிலத்தைக் கொண்டு அடையாளங் காட்டினாள். நிலவியல் நோக்கு ஒரு பெண்ணை அவளுடைய சொல்லின்படியே அறிய உதவும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

அதே மாவட்டத்தின் வடபுறத்தில் சிகிரியாக் குன்று நிற்கிறது. கண்ணாடிச் சுவர் எனப்படும் மதிலிலே, ஓவியப் பெண்களைக் காண வந்தோர் நூற்றாண்டுக் கணக்காகச் சிங்களச் செய்யுள்களைக் கீறிவைத்தனர். அவற்றுள் 685 செய்யுள்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான வாசித்து 1956இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலானவை ஆண்கள் ஓவியப் பெண்களை வியந்து எழுதியவை. ஆனால் பெண்கள் எழுதியனவும் அவற்றிடையே உள்ளன. தேவா என்பவள் சுவரில் இருக்கும் மான்விழியாளைத் தனக்குப் போட்டியாக வந்தவளாகப் பாவித்துச் சாடுகிறாள். ஆண்கள் அழகைக் கண்ட இடத்தில் அவள் ஒரு குடும்பச் சிக்கலைக் கண்டாள்! ஓவியம் ஒன்றே, நிற்கும் இடம் வேறு. எனினும் அவளும் மகமாத என்பவரின் மனைவி என்றே அங்கு அறியப்படுகிறாள் என்பதையும் கருதவேண்டும். ஏடு பிக்குகளின் கையில் இருந்தது. சுவரோ வழிப்போக்கர் எவருக்கும் திறந்திருந்தது. பெண்ணுக்கு எழுதும் பரப்பு எங்கே கிடைத்தது என்ற வினா இவ்வகையில் நாட்டின் பெயரைவிட மிகுதியாக நமக்கு உணர்த்துகிறது.

இனி இரண்டாவது வினா. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் வழியிலேயே பலியானோர் பலர். 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபின் பெண்களின் உழைப்பு தோட்டத்துக்கு இன்றியமையாததாயிற்று. அவர்கள் நிரையிலும் லயத்திலும் பாடினார்கள், தாலாட்டினார்கள், ஒப்பாரி வைத்தார்கள். அப்பாடல்கள் சிலவற்றைப் பிற்காலத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்தார். பாடல் நின்றது, பாடியவளின் பெயர் நிற்கவில்லை. பௌத்த மடம் பத்தாவின் பெயரை ஈராயிரம் ஆண்டுகள் காத்தது. அவ்வலுவிகாரைக்குச் சில கல் தொலைவிலுள்ள தோட்டத்துப் பெண்ணின் பெயரைக் காக்க எந்த மடமும் இருக்கவில்லை.

இம்மௌனத்தினூடே இரு பெயர்கள் மேலெழுகின்றன. மீனாட்சியம்மாள் நடேசய்யர் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடியதோடு, 1940இல் அவற்றைச் சிறுநூலாகவும் அச்சிட்டார். வாய்மொழி கேட்டுப் பழகிய மக்களுக்கு வாய்மொழியிலேயே அரசியலைக் கொண்டுசென்றமை அவருடைய தனித்துவம். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. தமிழகத்துக் கிராமத்தை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தோரின் வாழ்வைக் கூறும் இந்நாவலின் தலைப்பே ஒரு நிலவியற் கூற்று. தொலைவில் நிற்பவனுக்கு மலை பச்சையாகவே தெரியும். அருகில் வந்தவளுக்கே அட்டையும் குளிரும் தெரியும். எந்தத் தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைத் தலைப்பிலேயே வாசகருக்கு உணர்த்திய நாவல் அது.

உலக இலக்கியத்திலும் இதே வினா ஒரு பெரும் படைப்பைத் தந்துள்ளது. சார்லட் புரொண்டேயின் ‘ஜேன் அயர்’ 1847இல் வெளிவந்தபோது, மேல்மாடத்தில் அடைபட்ட யமெய்க்காப் பெண் வெறும் பித்துப்பிடித்தவளாகவே தோன்றினாள். டொமினிக்காத் தீவில் 1890இல் பிறந்த ஜீன் றீஸ், அப்பெண் எங்கிருந்து, எவ்வழியே அம்மாடத்துக்கு வந்து சேர்ந்தாள் என்று கேட்டார். 1966இல் அவர் எழுதிய நாவல், ‘வைட் சர்காசோ சீ’ என, இரு நிலங்களுக்கும் இடைப்பட்ட கடலின் பெயரையே தாங்கி நிற்கிறது. இங்கு நிலவியல் வெறும் பின்புலமன்று, அதுவே விமர்சனம்.

மூன்றாவது வினாவே மிகக் கடினமானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பிரித்தது. அதே 1964இல்தான் பெஸி ஹெட் என்னும் எழுத்தாளர், திரும்பி வர அனுமதியற்ற பத்திரத்துடன் தென்னாபிரிக்காவை விட்டு வெளியேறினார். இன்றைய பொட்ஸ்வானாவின் செரோவே என்னும் ஊரில் வாழ்ந்து எழுதிய அவருக்கு 1979இலேயே அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அவருடைய சிறந்த நாவல்களாகிய ‘வென் ரெயின் க்ளவுட்ஸ் கேதர்’ (1968), ‘எ குவெஸ்ச்சன் ஒஃப் பவர்’ (1973) ஆகியவை எந்த நாட்டு இலக்கியம்? அவை எழுதப்பட்டபோது எழுதியவருக்கே நாடு இல்லை. வாழ்ந்த ஊர்தான் இருந்தது. நாட்டுக்கொருவர் என்னும் பட்டியல் இத்தகையோரைத் தவறவிடும்; அல்லது பின்னர் வந்த ஏதோ ஒரு நாட்டுக்குச் சொந்தமாக்கிவிடும். மலையகப் பெண்ணின் நிலையை அறிந்த நமக்கு பெஸி ஹெட்டை விளங்கிக்கொள்ள நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.

பெண்ணின் துயர் எங்கும் ஒன்றே, அதற்கு நிலம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். எழுதும் பெண்ணுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று 1929இல் வேர்ஜீனியா வுல்ஃப் வாதிட்டார். இக்கருத்து எங்கும் பொருந்தும் எனத் தோன்றலாம். ஆனால் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட லயக் காம்பிராவில் முழுக் குடும்பமும் உண்டு உறங்கிய சூழலில் அக்கருத்தை வைத்துப் பாருங்கள். அறை வேண்டும் என்ற கோரிக்கை அங்கே இலக்கியக் கோரிக்கையாக இருக்க முடியாது. அது வீட்டுரிமையாகவும் காணியுரிமையாகவும் மாறிவிடுகிறது. நிலவியலின் மிகச் சிறிய அலகு அறைதான். அதன் நீள அகலத்தை அளவாமல் பெண் எழுத்தின் பொதுமையைப் பேசுவது பொருந்தாது.

ஆகவே உலகப் பெண் எழுத்தாளரைப் படத்தின் வழியே வாசிப்போம். ஆனால் படத்தில் வெறுமையாக உள்ள இடங்களையும் சேர்த்தே வாசிப்போம். ஒரு நிலத்தில் பெயர் இல்லாதிருப்பது அங்கே பாட்டு இல்லை என்பதற்குச் சான்றன்று. எழுதிவைக்க யாரும் தீர்மானிக்கவில்லை என்பதற்கே அது சான்று. வாய்மொழி அழிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் ஏட்டை எடுத்ததனாலேயே பிக்குணிகளின் பாடல்கள் நமக்குக் கிடைத்தன. மாத்தளைத் தோட்டங்களில் தம் தாயும் பாட்டியும் பாடியவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியபெண்கள் இன்றும் வாழ்கின்றனர். அவர்களிடம் சென்று பாட்டை மட்டுமன்றி, பாடியவளின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதிவைத்தல் பல்கலைக்கழக மாணவர் இன்றே தொடங்கக்கூடிய பணி. ஊர் முன்னும் ஆள் பின்னுமாக நிற்கும் அப்பெயர்கள், ஒக்கூரையும் வெண்ணியையும் அடுத்து நம் தமிழ்ப் பெண்பாற் புலவர் வரிசையில் இடம்பெறட்டும்.