பைனுக்காகப் பிடுங்கிய பழச்செடி

நம் ஊர் ஐஸ்கிரீம் கடைகளில் பிளாக்கரன்ட் கேட்டால் தயங்காமல் எடுத்துத் தருவார்கள். அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பழத்தின் சுவையே பழக்கமில்லை. அங்கே 1910-களில் அரசு அதைப் பயிரிடத் தடைவிதித்தது. கூஸ்பெரி உள்ளிட்ட அதன் உறவுச் செடிகளும் தப்பவில்லை.

பழத்தின்மேல் யாருக்கும் பகை இல்லை. கவலையெல்லாம் வெள்ளைப் பைன் மரத்தைப் பற்றியது. மரம் அறுத்து அறுத்துக் காட்டை மொட்டையடித்த பிறகு, அதை மீட்க அமெரிக்கர்கள் ஐரோப்பிய நர்சரிகளிலிருந்து மலிவாக பைன் நாற்றுகளை வரவழைத்தார்கள். அமெரிக்க மரம் ஐரோப்பாவில் நாற்றாகித் தாயகம் திரும்பியபோது கொப்புளத் துரு நோயையும் கூட்டிவந்தது. 1906-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் அது தென்பட்டது.

இந்தப் பூஞ்சை பைனிலிருந்து பைனுக்கு நேராகத் தாவாது. நடுவில் வேறொரு செடி வேண்டும்; பெரும்பாலும் அது பிளாக்கரன்ட், கூஸ்பெரி அடங்கிய கரன்ட் இனச் செடி. செடியை ஒழித்தால் சங்கிலி அறுந்துவிடும் என்ற கணக்கில் அன்றைய அறிவுக்குப் பிழை இல்லை. கிழக்கே மெய்ன் போன்ற இடங்களில் புதர்களை அகற்றிய காடுகளில் நோய் குறையவும் செய்தது. தடையை வெறும் மூடத்தனம் என்று எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

கோளாறு வேறிடத்தில். பைனிலிருந்து கிளம்பும் வித்துகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும். கரன்ட் இலையிலிருந்து பைனுக்குத் திரும்புபவையோ மென்மையானவை; பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் முடிந்துபோகும். அப்படியானால் பைன் காட்டை ஒட்டிய செடியை மட்டும் தடுத்திருந்தாலே பெரும்பயன் கிடைத்திருக்கும். பைனே இல்லாத சமவெளித் தோட்டக்காரரின் பிழைப்பில் ஏன் மண்ணைப் போட வேண்டும்? இன்னொரு பக்கம், மேற்கு மலைகளில் காட்டு கரன்ட் புதர்கள் ஏராளம். 1930-களில் வேலையில்லா இளைஞர்களைத் திரட்டிப் பிடுங்கிப் பார்த்தார்கள். மிஞ்சிய வேர் துளிர்த்தது. மண்ணில் பல்லாண்டு உறங்கிய விதை முளைத்தது. பிற்காலத்தில், கரன்ட் அல்லாத சில காட்டுச்செடிகளும் இந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுப்பது தெரியவந்தது.

நோயைக் கொண்டுவந்தது நாற்று வணிகம், தண்டனை பழத்தோட்டத்துக்கு. மர வியாபாரத்தின் பணத்துக்கு முன்னால் கரன்ட் விவசாயியின் குரல் எடுபடவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். அமெரிக்கா தடுத்த இதே பழத்தின் சாற்றைத்தான், ஆரஞ்சு கிடைக்காத இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் தன் குழந்தைகளுக்கு வைட்டமின் சி-க்காகக் கொடுத்துவந்தது.

1966-இல் நடுவண் அரசு தடையை விலக்கி, முடிவை மாநிலங்களிடம் விட்டது. அதற்குள் கனடாவின் ஒட்டாவாவில் உருவான கான்சார்ட் போன்ற நோய் தாங்கும் ரகங்கள் வந்திருந்தும், நியூயார்க் தன் தடையை நீக்க 2003 வரை ஆனது. மறுஆய்வுக்கு நாள் குறிக்காத சட்டம் வேறெப்படி நடக்கும்?

அதற்காக எல்லாத் தடையையும் தூக்கி எறியச் சொல்லவும் மனம் வரவில்லை. நோய் தாங்கும் என்று நம்பிய பிளாக்கரன்ட் ரகங்களையும் தாக்கும் புதிய பூஞ்சை வகை கனெக்டிகட்டில் தலைகாட்டிவிட்டது. மேற்கில் இந்த நோயால் நலிந்த வெண்பட்டைப் பைன் 2022-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அமெரிக்க அரசின் பட்டியலில் சேர்ந்தது. இந்த நிலையில் நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் கேட்கும் நடவு அனுமதி நியாயமானதே. எந்த ரகம், பைனிலிருந்து எவ்வளவு தொலைவு என்று பார்த்துக் கொடுத்தால் போதும். ரகத்தின் தாங்குதிறனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிப்பதும் அந்த அனுமதியோடு சேர வேண்டும்.