8.33 மில்லிசெகண்ட்

சர்வரில் டிஸ்க் எழுதும் வேகத்தை அளக்கச் சொன்னால் பலருக்கும் கை முதலில் டிடி கட்டளைக்குத்தான் போகும். வெறும் பூச்சியங்களை ஒரு கோப்பில் கொட்டுவார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் விநாடிக்கு ஒரு ஜிபிக்கு மேல் காட்டும். அது ரேமின் வேகம். லினக்ஸ் கெர்னல் தரவை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடுகிறது. டிஸ்க்குக்கு அது போய்ச் சேர 30 விநாடிகூட ஆகலாம். சுருக்கம் இயக்கப்பட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையிலோ பூச்சியங்கள் டிஸ்க்கை எட்டுவதே இல்லை.

நிஜம் கெர்னலிடம் விடுக்கும் எஃப்சிங்க் அழைப்பில் தொடங்குகிறது. ‘டிஸ்க்கில் இறங்கும்வரை திரும்பாதே’ என்பது அதன் பொருள். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்குக்கு ஒரு சுற்று 8.33 மில்லிசெகண்ட். ஒரே இடத்தில் 4 கேபியைத் திரும்பத் திரும்ப எழுதி, ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் கேட்டால், அந்த இடம் மறுபடி ஹெட்டின் கீழ் வரும்வரை காத்திருக்க வேண்டும். விநாடிக்கு 120-ஐத் தாண்ட வழியில்லை. சோதனை ஆயிரக்கணக்கில் காட்டினால் நடுவில் ஒரு கேஷ் பதில் சொல்கிறது. அதற்கு பேட்டரி இல்லையென்றால், மின்சாரம் போகும்போது தரவும் போகும். பள்ளிக் கணக்கு ஒன்று இயந்திரத்தின் பொய்யைப் பிடிக்கும் இந்த இடம் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

டிஸ்க்கைச் சோதிக்கும் கலைக்கு வாய்த்த நல்ல கருவி ஃபியோ. ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக நிரல் எழுதும் பாட்டைத் தவிர்க்க ஜென்ஸ் ஆக்ஸ்போ உருவாக்கியது. லினக்ஸின் பிளாக் அடுக்கைப் பராமரிப்பவரும் அவரே. எத்தனை பேர் எழுதுகிறார்கள், எவ்வளவு பெரிய துண்டு, வரிசையாகவா தாறுமாறாகவா, எத்தனை முறை எழுதியபின் ஒரு எஃப்சிங்க் என்று சில வரிகளில் எழுதிக் கொடுத்தால், ஒரு தரவுத்தளத்தின் நடையையே நடித்துக் காட்டும். அதன் வெளியீட்டில் நான் முதலில் தேடுவது சராசரியை அல்ல, 99.9 சதமானத் தாமதத்தை. ஆயிரத்தில் ஒரு முறை எழுதுவது எங்கே தடுக்கி நிற்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பொறியாளர் பிரெண்டன் கிரெக், எழுதும் சோதனை ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தினார். குரலின் அதிர்வில் டிஸ்க்குகள் தடுமாறின. தாமத வரைபடத்தில் அந்தக் கத்தல் புள்ளிகளாய் எழுந்து நின்றது. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்குமா?

அடுத்த முறை யாராவது டிஸ்க் வேகம் என்று ஒரு எண்ணை நீட்டினால், எஃப்சிங்க் இருந்ததா, கோப்பு ரேமைவிடப் பெரியதா, 99.9 எவ்வளவு என்று கேளுங்கள்.