அளந்து பார்க்காத மாத்திரை

இரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மாத்திரைகளுக்காக வாதாடுபவர்கள் முதலில் எடுத்து வைக்கும் வசதி, ‘இதற்கு மாதாமாதம் ரத்தம் கொடுக்க வேண்டாம்’ என்பதுதான். டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான் நான்கும் அந்த ஒரு வாக்கியத்தின் தோளில் ஏறித்தான் பழைய மருந்தான வார்ஃபரினை ஓரங்கட்டின. அவற்றின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. மூளைக்குள் ஏற்படும் இரத்தக்கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. கீரை சாப்பிடலாமா என்ற கவலை இல்லை. போட்ட சில மணி நேரத்தில் வேலை செய்கின்றன. ஆனால் ‘அளக்க வேண்டாம்’ என்பது இந்த மருந்துகளின் இயல்பில் உள்ள குணமல்ல. விற்பனைக்கு உதவும் என்பதற்காக அவற்றின் மேல் ஒட்டப்பட்ட குணம்.

வார்ஃபரின் உறைவை நேரடியாகத் தொடுவதில்லை. கல்லீரலில் வைட்டமின் கே-யைப் புதுப்பித்துத் தரும் நொதியை அது முடக்குகிறது. அதனால் 2, 7, 9, 10 எண்ணுள்ள உறைதல் காரணிகள் அரைகுறையாகவே உருவாகின்றன. பழைய காரணிகள் தீர்ந்துபோகச் சில நாட்கள் ஆகும். ஒருவருக்குப் போதுமான அளவு இன்னொருவருக்கு ஆபத்தாகும் என்பதால்தான் இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண்ணைப் பார்த்து, பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிறுத்துகிறார்கள். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது என்று வார்ஃபரினை இளப்பமாகச் சொல்வதுண்டு. அந்த எலி மருந்தை மனித மருந்தாக்கியதே இப்படி அளந்து பார்த்துக் கொடுத்ததுதான். புதியவை வேறு வழியில் செல்கின்றன. டாபிகாட்ரான், ஃபைப்ரினோஜனைத் துண்டிக்கும் த்ராம்பினின் வாயிலேயே போய் அமர்கிறது; மற்ற மூன்றும் அதற்கு முந்தைய படியான 10ஏ நொதியை அடைக்கின்றன. இந்தப் பிணைப்பு நிரந்தரமல்ல. உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருக்கும். ஆகவே எத்தனை நொதிகள் அடைபட்டிருக்கின்றன என்பதை அந்த நேரத்தில் இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. நொதித் தடுப்பின் பாலபாடம் இது. அளவே எல்லாம் என்று இயங்கும் மருந்துக்கு அளவு பார்க்க வேண்டாம் என்பது விசித்திரமான தர்க்கம்.

ஒரே மாத்திரை எல்லா உடலிலும் ஒரே அளவாக நின்றால் சரி. நிற்பதில்லை. 18,113 பேரிடம் நடந்த ரீ-லை ஆய்வில் டாபிகாட்ரான் எடுத்தவர்களின் இரத்த அளவுகள் 2014-இல் வெளியாயின. இரு ஓரங்களிலும் பத்துப் பத்து சதவீதத்தினரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், ஒரே மாத்திரையை விழுங்கியவர்களிடையே ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு. அந்த மருந்தில் சுமார் 80 சதவீதம் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், வயதானவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அது தேங்குகிறது. அளந்து திருத்தினால், நன்கு கட்டுப்படுத்திய வார்ஃபரினைவிடப் பெரும் இரத்தக்கசிவை 30 முதல் 40 சதவீதம் வரை குறைக்கலாம் என்று தயாரிப்பு நிறுவனத்தின் உள் கணக்கீடுகளே காட்டியதையும், அவை ஒழுங்குமுறை அமைப்புகளின் கைக்குப் போகாததையும் அதே ஆண்டு பிஎம்ஜே மருத்துவ இதழ் வெளிக்கொணர்ந்தது. அந்தக் கணக்கீடு நம்பத்தக்கதல்ல என்றது நிறுவனம். இருக்கலாம், ஆனால் நம்பகத்தன்மையை எடை போடுவது விற்பவரின் வேலையா? எடாக்ஸபான் கதை இன்னும் வேடிக்கை. சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 95 மில்லிலிட்டரைத் தாண்டியவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்பது அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் எச்சரிக்கை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் மருந்து சீக்கிரம் கழிந்து, பக்கவாதத்தைத் தடுக்கும் திறன் குறைந்துவிடுகிறது.

அளக்காமல் கொடுத்துத்தானே ஆய்வுகளில் வென்றன என்பார்கள். வென்றது சராசரி. தேங்கியவரின் கசிவும் கழிந்தவரின் அடைப்பும் அந்தச் சராசரிக்குள் கரைந்துவிட்டன. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்கள் பெரும்பாலும் சேர்க்கப்படவே இல்லை. ரிவராக்ஸபானை வார்ஃபரினோடு ஒப்பிட்ட ராக்கெட் ஆய்வில் வார்ஃபரின் அணியினர் சரியான ஐ.என்.ஆரில் இருந்தது சுமார் 55 சதவீத நேரம்தான். எதிராளி நொண்டும்போது பெற்ற வெற்றி அது. நெதர்லாந்தில், பழைய வகை மருந்தில் இருந்த தளர்ந்த முதியவர்களைப் புதியதற்கு மாற்றிப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. மாறியவர்களுக்கு இரத்தக்கசிவு கூடியது.

இன்னொரு மறுப்பு கனமானது: ஐ.என்.ஆர். பார்க்கப் பேருந்தேறி, கூலி இழந்து நகரத்துக்கு வரும் நோயாளியை என்ன செய்வது? அவருக்குப் பரிசோதனை பாரம்தான். ஆனால் காசநோய்க்கு ரிஃபாம்பிசினும் வலிப்புக்கு ஃபினிடோயினும் சாதாரணமாக எழுதப்படும் நாட்டில் இருப்பவரும் அவர்தான். இந்த இரண்டும் புதிய மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும். ரிஃபாம்பிசின் வார்ஃபரினையும் இறக்கும், ஐ.என்.ஆர். அதைக் காட்டிக்கொடுக்கும். புதியதில் காட்டிக்கொடுக்க வழக்கமான பரிசோதனை எதுவும் இல்லை. இரண்டு நாள் மாத்திரை வாங்கக் காசில்லாமல் விட்டாரா என்பதும் தெரியாது; பக்கவாதம் வந்த பிறகே தெரியும். இத்தனைக்கும் அளக்கும் வழி இல்லாமல் இல்லை. 10ஏ தடுப்பை அளக்கும் பரிசோதனை உண்டு. டாபிகாட்ரானுக்கும் தனியாக உண்டு. பெரிய மருத்துவமனைகளில் இவற்றை எப்போது கேட்கிறார்கள் என்று பாருங்கள்: நோயாளி இரத்தம் கசியக் கசிய வந்து சேரும்போது, அல்லது அவசர அறுவைக்கு மேசையில் ஏற்றும்போது. அதுவரை தேவையில்லாதிருந்த எண், அந்த நிமிடத்தில் முதல் தேவையாகிவிடுகிறது.