சினத்தின் சொற்கள்: யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு பற்றிச் சில குறிப்புகள்

ஈழத்து நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்தோர் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் அரிவிவெட்டுப் பாடலுக்கும் அளித்த கவனத்தை வசைமொழிக்கு அளித்தாரல்லர். மக்கள் இலக்கியம் என நாம் போற்றுவதில் மக்களின் துயரத்துக்கு இடமுண்டு. கோபத்துக்கு இடம் மிகக் குறைவு. இத்தெரிவு எவ்வர்க்கத்தின் இரசனையைச் சார்ந்தது என்பது ஆராயத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் பரவலாக வழங்கும் ‘கோதாரி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வாந்திபேதியை, பொதுவாகக் கொள்ளைநோயை, குறித்த சொல் இது. 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி குடாநாட்டைப் பலமுறை தாக்கியது. அக்காலத்தில் ‘கோதாரியிலை போவான்’ என்று ஒருத்தி திட்டினால், ஊரார் கண்ணாற் கண்ட சாவையே எதிரிக்கு வேண்டினாள் எனலாம். ‘கொள்ளையிலை போவான்’ என்பதும் அவ்வகையதே. நோயின் அச்சம் அகல, சொல்லின் நஞ்சும் குறைந்தது. குழப்படி செய்யும் மகனைத் தாய் ‘கோதாரி விழுவானே’ என்கையில் அதிற் பாதி செல்லம். ‘என்ன கோதாரியோ’ என்பது வெறுஞ் சலிப்பு. ‘விசர்’ என்பதும் நோயிலிருந்து வந்ததே. வெறிநாய் ‘விசர்நாய்’ ஆகும். பொறுமையிழந்தவரோ ‘எனக்கு விசரைக் கிளப்பாதை’ என்பர்.

ஏச்சும் திட்டும் ஒன்றல்ல. ஏச்சு பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கி வருவது: தகப்பன் மகனை ஏசுவான், முதலாளி கூலியாளை ஏசுவான். திட்டு, அதாவது சாபம், வேறு வழியற்றவரின் கருவி. காணியிலோ கூலியிலோ ஏமாற்றப்பட்டு, ஊர்ப் பெரியோராலும் கைவிடப்பட்ட பெண் எதிரியின் வாசலில் நின்று மண்ணள்ளித் திட்டுவாள். (கண்ணகியின் சினத்துக்குக் கோயில் எடுத்த சமுதாயம் இது என்பதையும் மறத்தலாகாது.) இதனை மூடநம்பிக்கையென ஒதுக்கும் முற்போக்கு நண்பர்களுடன் நாம் உடன்படவில்லை. சாபம் பலித்ததோ இல்லையோ, அநீதி ஊரறியச் சொல்லப்பட்டது. எனினும் அச்சினம் ஒருவனது வாசலோடு நின்றது; அவனைத் தாங்கிய அமைப்பை எட்டவில்லை.

1960களின் முற்பகுதியில் எழுந்த மரபுப் போராட்டத்தில் ‘இழிசனர் இலக்கியம்’ என இகழப்பட்டது, இத்தகைய பேச்சுமொழியைக் கையாண்ட எழுத்தே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) போன்ற நாவல்கள் அவ்விகழ்ச்சியைப் பொருட்படுத்தாது அம்மொழியை நிலைநிறுத்தின. பின்வந்த கதைகள் சிலவற்றிலோ வசை முழுவதும் ஒடுக்கப்பட்டோர் வாயில் மட்டும் வைக்கப்பட்டு, காணிக்காரர் செப்பமான தமிழ் பேசுகின்றனர். இது யதார்த்தமாகாது. நாற்சார் வீட்டு அடுப்படியிலும் ‘கோதாரி’ தாராளமாகப் புழங்கியது. அக்கதைகளில்தான் அதனைக் காணோம்.