மேடைக்கு முன்னே முப்பது அடி

கோல்ட்பிளே குழு 2024 ஜனவரியில் சிங்கப்பூர் தேசிய அரங்கில் ஆறு இரவுகள் பாடியது. பள்ளிக்கூட நாளிலிருந்து நான் கேட்டு வந்த குழு அது. ஓர் இரவுக்கு டிக்கெட் கிடைத்தது. ஜொகூர் பாருவிலிருந்து நாங்கள் மூன்று பேர் போனோம். யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மாமா மகன், சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் பெரியப்பா மகன், நான். முதல் பாட்டுக்குத் தாளம் விழுந்ததுமே மச்சான் எழுந்துவிட்டான். தோளும் காலும் தாமாகவே ஆடின. அண்ணனோ உட்கார்ந்தபடி, கண்ணை மூடி, ஒரு சொல் விடாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தார். மூன்றாம் பாட்டில்தான், பின்னால் இருப்பவருக்கு மறைக்குமோ என்று திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

இருவருக்குமே உயிரான பாட்டு. உடம்பு மட்டும் வெவ்வேறு பாடம் படித்திருந்தது. நள்ளிரவில் பேருந்து ஜொகூர் பாலத்தைக் கடக்கும்போது அதைப் பற்றித்தான் யோசித்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு வழியும் உண்டு. அம்மப்பா மலாயா ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அப்பாவைப் பெற்ற தாத்தா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். தாத்தா ‘கச்சேரி’ என்று சொன்னால் பாட்டு என்று பொருள். அம்மப்பா ‘கச்சேரி’ என்று சொன்னால் அரசாங்க அதிபரின் அலுவலகம். யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்துக்கு இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. பாட்டுக்காரர்கள் வந்தால் அவர் சொல்வது ‘கோஷ்டி’.

தமிழ்நாட்டில் இசை கேட்பது என்றால் முதலில் உட்காருவது. 1928இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமி முதல் தெருமுனை சபா வரை, தொடையில் தாளம் போட்டுத் தலையசைப்பதுதான் ரசிகரின் இலக்கணம். மெல்லிசைக் குழுக்கள் வந்தபோதும் நாற்காலி போகவில்லை. கோயில் திடலில், கல்யாண மண்டபத்தில், வரிசை போட்டு உட்கார்ந்து சினிமாப் பாட்டு கேட்டார்கள். அங்கே ஒரு பாடகருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாராட்டு, “ரெக்கார்டில் கேட்ட மாதிரியே இருக்கு” என்பது. அந்தப் பாராட்டில் அன்பு இருக்கிறது. ஆனால் சொந்தப் பாட்டு எழுதி வரும் ஒரு ராக் குழுவுக்கு அதுவே பெரிய சுவர். முன்பு கேட்டிராத பாட்டை யாரோடு ஒப்பிட்டுப் பாராட்டுவது?

அதனால் இந்தியாவில் ராக் இசை வேறு வாசல் தேடியது. கல்லூரி விழாக்கள் அதற்குத் தாய்வீடு. சென்னை ஐஐடியின் சாரங் விழா அவற்றில் பேர்பெற்றது. மும்பை ரங் பவனில் 1986இல் இண்டிபெண்டன்ஸ் ராக் தொடங்கியது. வெளிநாட்டுக் குழுக்களுக்கு பெங்களூரு அரண்மனை மைதானம் களமானது: 2007 மார்ச் 17இல் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30இல் மெட்டாலிகா. நின்று, குதித்து, தொண்டை வறளக் கத்திக் கேட்கும் ஒரு தலைமுறை அங்கே உருவானது. ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலம் படித்த தலைமுறை. தெருவில் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடித்து ஆடுபவர்களுக்கும் அந்த மைதானத்துக்கும் நடுவே வெகுதூரம் இருந்தது.

அந்தத் தூரத்தைக் கடந்த நாள் என்று நான் மதிப்பது 2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறிய நாள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் பேசிய ‘சாதியற்ற தமிழர்’ என்பதே பெயருக்கு மூலம். கோட்டு சூட்டு போட்ட கானா பாடகர்கள், பக்கத்தில் பறை, சட்டி, எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ். சினிமாவில் வராத பாட்டுக்குத் தமிழ்நாட்டுக் கூட்டம் எழுந்து ஆடியது. இதை ராக் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்று இசை என்ற சொல்லுக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான பொருளை நான் கண்டதில்லை.

இலங்கைக் கதை ஆட்டத்திலிருந்து தொடங்குகிறது. போர்த்துக்கீசர் காலத்து வேரிலிருந்து வந்த பைலா தாளம் தீவின் தெற்கே கல்யாண வீடு, கிரிக்கெட் மைதானம், பேருந்து எல்லாவற்றிலும் புகுந்துவிட்டது. மொறட்டுவையிலிருந்து வந்த த ஜிப்சீஸ் குழுவின் சுனில் பெரேரா 2021இல் இறக்கும் வரை அந்தத் தாளத்தில் அரசியலையும் சேர்த்துப் பாடினார். அவர் மேடைக்கு முன்னே நாற்காலி போட்டால் அது ஓரமாக ஒதுக்கப்படுவதற்குத்தான். தமிழர்களும் அந்தத் தாளத்தை எடுத்துக்கொண்டார்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ எல்லாம் சினிமாவுக்கு வெளியே பிறந்து, இலங்கை வானொலி வழியாகத் தமிழ்நாட்டையும் ஆட்டியவை. சொல்லிலேயே வேறுபாடு இருக்கிறது: சென்னையில் ‘பாப்’, யாழ்ப்பாணத்தில் ‘பொப்’. தமிழ்நாட்டில் இளையராஜாவுக்கு முன்பே ஒரு தமிழ்ப் பாட்டு சினிமாவின் கை பிடிக்காமல் நடக்கலாம் என்று காட்டியது பொப் இசைதான். இந்தப் பெருமையை நாம் போதிய அளவு பேசவில்லை.

யாழ்ப்பாணம் ஆடுவதற்கு மட்டும் கூடிய ஊருமல்ல. கோயில் வீதி மணலில் விடிய விடிய உட்கார்ந்து, தட்சிணாமூர்த்தியின் தவிலுக்கு மூச்சடக்கிக் கேட்ட ஊர். அந்த மரபின் நடுவே போர் விழுந்தது. 1990களில் மின்சாரம் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டதை மாமா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். ஒரு பாட்டு முடியும்வரை ஒருவர் கை ஓயக்கூடாது. கொழும்பில் அதே பத்தாண்டின் கடைசியில் பாடசாலைப் பையன்கள் சேர்ந்து ஸ்டிக்மாட்டா என்ற மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். பிறகு கண்டியிலிருந்து பரனோய்ட் ஏர்த்லிங் வந்தது. சிறிய மண்டபங்கள், சிறிய கூட்டம், சொந்தப் பாட்டு. வடக்கே அந்த வயதுப் பையன்களுக்கு மேடையும் இல்லை, மின்சாரமும் இல்லை.

இதை மனதில் வைத்துத்தான் 2024 பிப்ரவரி 9ஐப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடிய இரவு அது. முன்வரிசைகளுக்குக் கட்டணம், பின்னால் நிற்பவர்களுக்கு இலவசம். பின்னால் நின்றவர்கள் தடுப்பை உடைத்து முன்னே வந்தார்கள். நிகழ்ச்சி இடையில் நின்று, பிறகு தொடர்ந்தது. யாழ்ப்பாணத்துக்கே அவமானம் என்று எழுதினார்கள். ஐந்து மாதம் முன்பு, 2023 செப்டம்பர் 10இல், சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ. ஆர். ரஹ்மானின் நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல், நெரிசலில் குழந்தைகளோடு தவித்துத் திரும்பினார்கள். ரஹ்மான் வருத்தம் தெரிவித்தார். ஆடும் பழக்கமுள்ள தீவிலும் உட்காரும் பழக்கமுள்ள நாட்டிலும் ஒரே தவறு நடந்தது: மேடைக்கு அருகிலுள்ள மண்ணைக் காசுக்குத் தக்கபடி கூறுபோட்டு, மற்றவர்களை இருட்டில் நிறுத்தினார்கள். கூட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜொகூருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 1981இல் ஜொகூர் பாருவில்தான் ‘சர்ச்’ (Search) என்ற குழு தொடங்கியது. மலாய் ராக் இசையின் முதல் வரிசைக் குழு அது. 1989இல் ‘இசபெல்லா’ பாட்டு இந்தோனேசியா வரை போனது. என் அப்பாவும் அவர் தோட்டத்து நண்பர்களும் கிட்டார் பிடிக்கக் கற்றது அந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான். இன்று அவர்களுடைய பிள்ளைகள் ஸ்கூடாயிலும் மாசாயிலும் வாடகை அறையில் பயிற்சி செய்து, சொந்தமாகத் தமிழ்ப் பாட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்கு மேடை கிடைப்பது பெரும்பாலும் கோயில் திருவிழாவிலோ விருந்து மண்டபத்திலோதான். முன்னால் பிரமுகர்களின் சோபா, அடுத்து நாற்காலி, சுவரோரம் இளைஞர்கள்.

கோயில் நிர்வாகத்தாருக்கும் கல்லூரி விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மேடை போடும்போது அதன் முன்னே முப்பது அடி இடத்தை நாற்காலி இல்லாமல், கட்டணம் இல்லாமல் விடுங்கள். பெரியவர்களின் சோபாவைப் பக்கவாட்டில் போட்டால் அவர்களுக்கும் மேடை நன்றாகத் தெரியும்.