கார்னகியின் செல்வக் கொள்கையும் மறுப்புரைகளும்

ஸ்காட்லாந்தில் நெசவாளி மகனாய்ப் பிறந்து, அமெரிக்காவில் எஃகு வேந்தராய் உயர்ந்த ஆண்ட்ரூ கார்னகி, 1889ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ‘செல்வம்’ என்னும் கட்டுரையை வெளியிட்டார். போட்டியால் பெரும்பொருள் சிலர் கையிற் சேர்வது நாகரிகத்திற்கு இன்றியமையாதது. சேர்த்தவன் அறங்காவலனாய் நின்று, தன் வாழ்நாளிலேயே அதனைப் பொதுநலத்திற்குச் செலவிடல் வேண்டும். செல்வத்தோடு சாவது இழிவு. இதுவே அதன் சாரம்.

மறு ஆண்டில் கிளாட்ஸ்டன் அதனைப் பாராட்டி எழுதினார். எனினும், பரம்பரைச் சொத்தைக் கார்னகி சாடியது மட்டும் அவருக்கு ஒவ்வவில்லை. (அவர் குடும்பமும் நிலவுடைமைக் குடும்பமன்றோ!) மெதடிஸ்டுப் போதகர் ஹியூ பிரைஸ் ஹியூஸோ, கோடீசுவரர் தோன்றுவதே செயற்கையான சமுதாய ஏற்பாடுகளின் விளைவு என்றார். இவற்றினும் ஆழமானது, இறையியற் பேராசிரியர் வில்லியம் ஜூவெட் டக்கர் 1891இல் எழுதிய மறுப்பு. சேர்த்த பொருளை எவ்வாறு திருப்பித் தருவது என்பதன்று கேள்வி. அது முதலில் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதே கேள்வி. நீதி நிற்க வேண்டிய இடத்தில் ஈகை நிற்றல் ஆகாது என்றார் அவர்.

அவ்வாதத்திற்கு அடுத்த ஆண்டே சான்று கிடைத்தது. ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக்குறைப்பைத் தொழிலாளர் எதிர்த்தனர். ஆலையைக் கைப்பற்ற ஃபிரிக் 300 கூலிக்காவலரை ஏவினார். 1892 ஜூலை 6ஆம் நாள் மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆறாண்டுகள் கழித்து அங்கே அவர் தந்த நூலகம் திறக்கப்பட்டது.

உலகெங்கும் அவர் பொருளால் எழுந்த நூலகங்கள் 2,509. படிப்பில் பற்றுள்ளோர் அவற்றைப் பழித்தல் இயலாது. ஆயினும், 12 மணி நேரம் உலைமுன் வெந்தவன் நூலை எடுப்பது எப்போது? கட்டுரையில் இதற்கு விடை இல்லை. அப்பொருளைச் சிறு தொகைகளாக மக்களிடமே பகிர்ந்திருந்தால் அது வீணில் கரைந்திருக்கும் என்றே கார்னகி கருதினார்.