ஃபீனிக்ஸின் மரணம்

சித்திரக்கதையைப் பற்றி இங்கே எழுதுவதா என்று கேட்கப்போகிறவர்களுக்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. 1980 செப்டம்பர் தேதியிட்டு மார்வெல் வெளியிட்ட எக்ஸ்-மென் 137ஆம் இதழ் எழுப்புகிற பிரச்னை நம்முடையதும்தான்: படைப்பாளியின் சுதந்திரம்.

ஃபீனிக்ஸ் ஆகிவிட்ட ஜீன் கிரே, சக்தியின் வெறியில் ஒரு நட்சத்திரத்தை விழுங்கிவிடுகிறாள். அதைச் சுற்றிவந்த கிரகத்தில் ஐந்நூறு கோடி உயிர்கள் அழிகின்றன. இது 135ஆம் இதழில். ஷியார் பேரரசி லிலாண்ட்ரா அவளைக் கொல்லவேண்டும் என்கிறாள். பேராசிரியர் சேவியர் துவந்த யுத்தம் கோருகிறார். நிலவில் நடக்கும் அந்த யுத்தத்தில் எக்ஸ்-மென் குழுவினர் ஒவ்வொருவராக வீழ்கிறார்கள். ஜீனுக்குள் அடக்கிவைத்த சக்தி மறுபடி கிளம்புகிறது. அது தன்னை முழுதாக விழுங்குமுன், காதலன் ஸ்காட்டின் கண்ணெதிரே, ஒரு புராதன ஆயுதத்தைத் தன்மீதே ஏவிக்கொண்டு அவள் சாகிறாள்.

ஜான் பைர்னின் பென்சிலும் டெரி ஆஸ்டினின் மையும் சேர்ந்த கோடுகள் துல்லியமானவை. ஆனால் சண்டைப் பக்கங்கள் என்னைப் பாதிக்கவில்லை. பாதித்தவை முந்தின இரவின் பக்கங்கள். ஒவ்வொருவரும் தனியே, இவளுக்காகச் சண்டையிடுவது நியாயமா என்று யோசிக்கிறார்கள். மறுநாள் ஜீன் தன் பழைய பச்சை உடையில் வருகிறாள், ஃபீனிக்ஸ் ஆவதற்கு முன்பு உடுத்தியது. அந்த உடை போதும். கிறிஸ் கிளேர்மாண்ட் அதோடு விடுவதில்லை. படம் சொல்லிவிட்டதை எழுத்து பின்னால் வந்து மறுபடி சொல்கிறது. வாசகன்மீது அவநம்பிக்கை. இந்த நோய் நம் கதைகளிலும் உண்டு.

இந்த முடிவு முதலில் எழுதி வரைந்த முடிவல்ல. அதில் ஷியார்கள் ஜீனின் சக்திகளை அகற்றிவிட, அவள் சாதாரணப் பெண்ணாக உயிரோடு வீடு திரும்புகிறாள். இத்தனை பேரைக் கொன்றவள் தண்டனையில்லாமல் போகக்கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்தார். அந்த இழுபறியில் பிறந்ததுதான் இந்தத் தற்கொலை. மூல முடிவு 1984இல் தனியே அச்சாயிற்று. இரண்டையும் படித்தேன். ஷூட்டர் சொன்னது சரி. ஆசிரியரின் குறுக்கீட்டை வெறுத்தே வளர்ந்த எனக்கு இதை ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை. முதல் வடிவில் ஜீனுக்கு எல்லாம் நிகழ்கிறது. இரண்டாவதில் அவள் தேர்ந்தெடுக்கிறாள். கடவுளாக வாழ்வதைவிட மனுஷியாகச் சாகிறாள்.

எனக்கு ஒரு குறை மிஞ்சுகிறது. அந்த ஐந்நூறு கோடிப் பேருக்கு முகம் இல்லை. அவர்களுக்கு முன்பே கிடைத்தவை ஓரிரு கட்டங்கள். இங்கே எல்லாத் துக்கமும் ஸ்காட்டின் துக்கம்தான். நீதிக்காக மாற்றிய முடிவில் நீதி கேட்க வேண்டியவர்களே இல்லை.

1986இல் ஜீன் உயிரோடு திரும்பினாள். இறந்தது அவள் அல்ல, அவள் உருவெடுத்திருந்த வேறொரு சக்தி என்று விளக்கம் தந்தார்கள். பழைய ஐவரை ஒன்றுசேர்த்து எக்ஸ்-ஃபாக்டர் என்ற புதிய மாத இதழ் தொடங்கவேண்டியிருந்தது. அவளை மீட்டெடுத்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழை வரைந்தவர் அதே பைர்ன். தலைமை ஆசிரியர் அதே ஷூட்டர். கொன்றவள் அவள் இல்லையென்றால் செத்தவளும் அவள் இல்லை. அந்தத் தேர்வும் இல்லை.

வெளியிலிருந்து வந்த ஒரு கட்டளை இந்தக் கதைக்கு அறத்தைத் தந்தது. இன்னொரு கட்டளை அதைப் பறித்துக்கொண்டது. முதலாவது கதைக்குள் இருந்த கேள்வியிலிருந்து வந்தது. இரண்டாவது விற்பனைக் கணக்கிலிருந்து. குறுக்கீடு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதை நான் நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.